தொடக்கப்பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ்: குட்டிக்கரணத்தைவிட 'தொடர்' ஏன் முக்கியம்? வகுப்பில் பாதுகாப்பாகக் கற்றுக்கொடுப்பது எப்படி?

2016 ரியோ ஒலிம்பிக்கில் திரிபுராவின் தீபா கர்மாகர் வால்ட் பிரிவில் நான்காம் இடம் பிடித்தார். வெண்கலம் கைநழுவியது வெறும் 0.150 புள்ளியில். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண் அவர்தான். அவர் செய்த 'ப்ரொடுனோவா', கைகளால் மேடையை உந்தி, காற்றில் இரண்டு முறை கரணம் அடித்துத் தரையிறங்கும் வித்தை. ஜிம்னாஸ்டிக்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு இன்றும் நினைவுக்கு வருவது அந்தப் பறத்தல்தான்.

அதனால்தானோ என்னவோ, பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றாலே 'என் பிள்ளைக்கு கார்ட்வீல் வருமா? பல்டி அடிப்பானா?' என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. ஆனால் 6 வயதுக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியது பல்டி அல்ல. நிற்பது, உருள்வது, குதிப்பது, அசையாமல் இருப்பது ஆகிய எளிய அசைவுகளை ஒன்றோடு ஒன்று கோத்து, ஆரம்பமும் முடிவும் உள்ள ஒரு 'தொடர்' ஆகச் செய்து காட்டுவதுதான்.

அது என்ன தொடர்? யார் சொல்லித்தருவது? மேட் இல்லாத பள்ளியில் என்ன செய்வது? எதைச் செய்யவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தொடர் என்றால் என்ன?

தனித்தனி அசைவுகள் சொற்கள் என்றால், தொடர் என்பது ஒரு வாக்கியம். வாக்கியத்துக்குத் தொடக்கம் உண்டு, முற்றுப்புள்ளி உண்டு, நடுவில் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். ஜிம்னாஸ்டிக்ஸ் தொடரும் அப்படித்தான்.

1-ம் வகுப்புக் குழந்தைக்கான எளிய தொடர் ஒன்று: நட்சத்திரம் போலக் கை, கால்களை விரித்து நிற்பது. பூனை மாதிரி நான்கு அடி நடப்பது. ஒற்றைக்காலில் மூன்று எண்ணும்வரை நிற்பது. ஒரு முறை மேலே குதித்து, முழங்காலை மடித்துத் தரையிறங்குவது. மறுபடி நட்சத்திரம். அவ்வளவுதான்.

பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இதைச் செய்ய, அடுத்தது என்ன என்று குழந்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் உடலைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு அசைவு முடிகிற நிலையிலிருந்தே அடுத்த அசைவு தொடங்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் கஷ்டம். 'இணைப்பு' என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதைத்தான். நல்ல தொடரையும் சுமாரான தொடரையும் பிரித்துக் காட்டுவதும் இந்த இணைப்புதான்.

சர்வதேசப் போட்டிகளிலும் அடிப்படை இதுவே. பெண்கள் தரைப் பயிற்சியில் 12 மீட்டர் நீள, அகலமுள்ள தளத்தில் அதிகபட்சம் 90 விநாடிகளுக்குள் ஒரு முழுத் தொடரைச் செய்ய வேண்டும். வித்தைக்குத் தனி மதிப்பெண், செய்த விதத்துக்குத் தனி மதிப்பெண். நம் நாட்டு மல்லர் கம்பத்திலும் ஒரு பிடியிலிருந்து அடுத்த நிலைக்குத் தடங்கல் இல்லாமல் மாறுவதில்தான் திறமை இருக்கிறது.

மாஸ் டிரில்லும் இதுவும் ஒன்றா?

இல்லை. இந்தியப் பள்ளிகளில் மாஸ் டிரில், டம்பெல்ஸ், மகாராஷ்டிரப் பக்கம் லெசிம் என்று கூட்டு உடற்பயிற்சிக்கு நீண்ட வழக்கம் உண்டு. அதில் விசில் ஊதினால் 200 பேரும் ஒரே அசைவைச் செய்வார்கள். ஒழுங்கு, தாளம் எல்லாம் வரும். ஆனால் அசைவைத் தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர்.

தொடரில் தேர்வு குழந்தையுடையது. ஆசிரியர், 'ஒரு சமநிலை, ஒரு உருளல், ஒரு குதி. எந்த வரிசையில வேணும்னாலும் சேர்த்துக்கோங்க' என்று விதியை மட்டும் சொல்கிறார். நன்றாக வளையும் குழந்தை கஷ்டமான சமநிலையை எடுத்துக்கொள்ளும். பயப்படும் குழந்தை சுலபமானதை எடுத்துக்கொள்ளும். இரண்டு பேருமே பாடத்தை முடித்திருப்பார்கள். 'எனக்கு வராது' என்று ஓரமாக உட்கார வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 40 குழந்தைகள், ஒரே மேட், வரிசையில் நின்று ஆளுக்கொரு குட்டிக்கரணம். ஒருவருக்கு அரை நிமிடம் என்றால், எல்லோருக்கும் ஒரு முறை கிடைக்கவே 20 நிமிடம் ஆகும். 40 நிமிட பீரியடில் ஒரு குழந்தை அசைந்தது ஒரு நிமிடம், காத்திருந்தது 39 நிமிடம். அந்தக் காத்திருப்பில்தான் தள்ளுமுள்ளு, சண்டை, விபத்து எல்லாம். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடல் உழைப்பைப் பரிந்துரைக்கிறது. வரிசையில் நிற்பது அந்தக் கணக்கில் சேராது. தொடர் முறையில் குழந்தை தன் இடத்திலேயே யோசித்து, செய்து, திருத்திக்கொண்டு இருக்கும்.

யார் சொல்லித்தருவது?

இங்கேதான் சிக்கல். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ப விளையாட்டுப் பொருட்களும் வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரைப் பற்றி அது பேசுவது 6 முதல் 8-ம் வகுப்புகளுக்குத்தான், அதுவும் 100-க்கு மேல் மாணவர்கள் இருந்தால். 1 முதல் 5-ம் வகுப்பு வரை பி.டி. ஆசிரியர் வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

அதாவது, பெரும்பாலான அரசுத் தொடக்கப்பள்ளிகளில் கணக்கும் மொழிப்பாடமும் எடுக்கும் அதே டீச்சர்தான் விளையாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023-ல் வெளியான பள்ளிக் கல்விக்கான தேசியப் பாடத்திட்டச் சட்டகம் 'உடற்கல்வியும் நல்வாழ்வும்' என்பதைத் தனிப் பாடப்பிரிவாகவே வைத்திருக்கிறது. ஆக, பாடம் வந்துவிட்டது. சொல்லித்தரும் ஆள் வந்தாரா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும்.

நல்ல செய்தி என்னவென்றால், தொடர் சொல்லித்தர ஆசிரியருக்கு கார்ட்வீல் போடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சேலையிலோ சுடிதாரிலோ இருக்கும் வகுப்பாசிரியரே இதை நடத்தலாம். அவருக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயங்கள்: எந்த அசைவு எந்த வயதுக்கு, எந்த அசைவுக்கு எந்தத் தரை, எப்போது 'வேண்டாம்' என்று நிறுத்துவது.

எந்த வகுப்பில் எதை?

அசைவுகளை ஐந்து குடும்பங்களாகப் பிரித்துக்கொண்டால் சுலபம்.

வடிவம்: நேராக நீள்வது, முழங்காலைக் கட்டிக்கொண்டு உருண்டையாவது, நட்சத்திரமாக விரிவது, கால்களை நீட்டி உட்கார்வது.

சமநிலை: ஒற்றைக்கால், இரண்டு கை ஒரு கால், முழங்கால் இரண்டு, முதுகு மட்டும் என்று உடலின் வெவ்வேறு பகுதிகளில் நிற்பது. மூன்று எண்ணும்வரை அசையக் கூடாது.

நகர்தல்: பூனை நடை, நண்டு நடை, முயல் தாவல், நொண்டி.

உருளல்: உருட்டுக்கட்டை போல நீளமாக உருள்வது, முட்டை போலச் சுருண்டு பக்கவாட்டில் உருள்வது, தொட்டில் போல முதுகில் முன்னும் பின்னும் ஆடுவது.

குதித்தல்: நேராக, விரிந்து, கால்களைச் சுருக்கி, அரைச் சுற்றுத் திரும்பி.

1, 2-ம் வகுப்புக்கு மூன்று அசைவுகளும் ஒரு தொடக்க நிலை, ஒரு முடிவு நிலையும் போதும். 3-ம் வகுப்பில் நான்கு, ஐந்து அசைவுகள். அதோடு 'ஒரு தடவை தாழ்வா, ஒரு தடவை உயரமா', 'ஒரு தடவை மெதுவா, ஒரு தடவை வேகமா' என்று மாற்றம் சேர்க்கலாம். 4, 5-ம் வகுப்பில் ஜோடி. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவு, கண்ணாடி பார்ப்பது போல எதிரெதிராக, ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்குவது என்று மூன்று வகை உண்டு. ஜோடி என்றால் தூக்குவது, தோளில் ஏறுவது அல்ல. ஒருவர் எடையை இன்னொருவர் தாங்காத ஜோடி.

கேலோ இந்தியா பள்ளி உடற்தகுதி மதிப்பீட்டில் 1 முதல் 3-ம் வகுப்புவரை பார்ப்பவற்றில் ஒன்று, ஒற்றைக்காலில் நிற்கும் 'ஃபிளமிங்கோ' சமநிலை. இந்தப் பயிற்சி அதற்கும் நேரடியாக உதவும்.

ஆறு வாரத்துக்கு ஒரு திட்டம்

வாரம் ஒரு பீரியட் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வாரம், வடிவமும் நிறுத்தமும். கை தட்டினால் ஓடு, தட்டல் நின்றால் சொன்ன வடிவத்தில் உறைந்து நில். இரண்டாம் வாரம், சமநிலை. 'தரையில மூணு இடம் மட்டும் படணும், எப்படி நிப்பீங்க?' என்று கேளுங்கள். 40 பேரிடமிருந்து பத்துப் பதினைந்து விடைகள் வரும். மூன்றாம் வாரம், குதித்துத் தரையிறங்குவது. 'சத்தம் வராம இறங்கணும்' என்ற ஒரே வாசகம் போதும். முன்பாதம் முதலில், பிறகு குதிகால், முழங்கால் மடிந்து, கைகள் முன்னால். சத்தம் கேட்டால் முழங்கால் மடியவில்லை என்று அர்த்தம்.

நான்காம் வாரம், உருளல். ஐந்தாம் வாரம், கோப்பது. எந்த அசைவுக்குப் பிறகு எது சுலபமாக வருகிறது என்று குழந்தைகளே சோதிக்கட்டும். உருட்டுக்கட்டை உருளல் படுத்த நிலையில் முடிகிறது, உடனே குதிக்க முடியாது. நடுவில் எழுந்திருக்க ஒரு வழி வேண்டும். அந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான் பாடமே. வரிசையைப் படமாக நோட்டில் வரையச் சொன்னால் மறக்காது. ஆறாம் வாரம், செய்து காட்டுவது. பாதி வகுப்பு செய்யும், பாதி வகுப்பு பார்க்கும். பார்ப்பவருக்கும் வேலை உண்டு: 'நின்ன இடத்துல அசைஞ்சாங்களா? முடிச்சது எங்கன்னு தெரிஞ்சுதா?'

ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடம் உடலைச் சூடேற்ற. மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து, தோள் எல்லாவற்றையும் மெதுவாக அசைக்க வேண்டும். மதிய உணவு முடிந்த உடனே இந்த பீரியட் வேண்டாம்.

குட்டிக்கரணம்: எப்போது, எப்படி?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கடைசியாகச் சொல்லித்தர வேண்டியதும் இதைத்தான்.

சின்னக் குழந்தைகளுக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்துத் தசைகள் வலுக் குறைந்தவை. குட்டிக்கரணத்தில் உடல் எடை தலையின் உச்சியில் விழுந்தால், அது நேராகக் கழுத்தெலும்புக்குப் போகும். ஆகவே விதி ஒன்றுதான்: எடை கைகளில், பிறகு தோள்பட்டையில். உச்சந்தலை தரையில் ஊன்றவே கூடாது.

படிகள் இவை. தொட்டில் ஆட்டம் நன்றாக வர வேண்டும், அதாவது முதுகு உருண்டையாக ஆடி, கை ஊன்றாமல் எழுந்து நிற்க முடிய வேண்டும். அடுத்து, முயல் தாவலில் கைகள் எடையைத் தாங்குகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு சரிவு. இரண்டு மேட்களை மடித்து ஒரு முனையை உயர்த்தி, மேலிருந்து கீழாக உருளச் சொல்லலாம். குந்தி உட்கார்ந்து, கைகளைத் தோள் அகலத்தில் ஊன்றி, தாடையை நெஞ்சோடு ஒட்டி, இடுப்பை உயர்த்த வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு கைக்குட்டையை வைத்து, 'இது கீழ விழக்கூடாது' என்றால் குழந்தைக்குச் சட்டென்று புரியும். சமதரை கடைசியில்தான்.

ஆசிரியர் கழுத்தைப் பிடித்து அழுத்தவோ, காலைப் பிடித்துத் தள்ளவோ கூடாது. குழந்தை நடுவில் பயந்து நின்றால் பக்கவாட்டில் சாய்ந்து இறங்கலாம் என்று முன்பே சொல்லிவைக்க வேண்டும். தலைகீழாக நிற்பது, பின்கரணம், கைகளில் நின்று பாலம் போடுவது இவையெல்லாம் பயிற்சி பெற்ற பயிற்றுநர் இல்லாத வகுப்பில் வேண்டவே வேண்டாம்.

மேட் இல்லாத பள்ளியில்?

முதலில் இடம். ஒரு குழந்தை கைகளை விரித்துச் சுற்றினாலும் யார் மேலும் படாமல் இருக்க, 2 மீட்டருக்கு 2 மீட்டர் வேண்டும். 6 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளமுள்ள வகுப்பறையில் பெஞ்சுகளை முழுக்க ஒதுக்கினாலும் 12 பேருக்குத்தான் இடம். ஆகவே மைதானம் அல்லது நீண்ட வராண்டாதான் சரி. இல்லையென்றால் வகுப்பை மூன்று, நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு செய்யும்போது மற்றவர்கள் பார்த்துக் குறிப்பெடுக்கலாம், தொடரை வரையலாம்.

சிமெண்ட் தரையில் வடிவங்கள், நின்று செய்யும் சமநிலை, நடைகள், தாழ்வான குதிகள் செய்யலாம். ஜமுக்காளம் விரித்தால் உருட்டுக்கட்டை உருளலும் செய்யலாம். குட்டிக்கரணம், கார்ட்வீல் கூடாது. ஜமுக்காளமோ கோரைப்பாயோ மேட்டுக்கு மாற்று அல்ல, அழுக்குப் படாமல் இருக்கத்தான் உதவும். வழவழப்பான தரையில் அது வழுக்கவும் செய்யும், அதனால் அதன் மேல் குதிக்கக் கூடாது. புல் தரை என்றால் கல், கண்ணாடி, முள் இருக்கிறதா என்று ஆசிரியர் முன்னதாக நடந்து பார்க்க வேண்டும். நடுப்பகல் வெயில் காய்ந்த தரையில் வெறுங்கால் வைக்க முடியாது. காலை பீரியட்தான் இதற்கு ஏற்றது.

சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு செய்வது எல்லாவற்றையும்விட ஆபத்து. வெறுங்கால்தான் நல்லது. வளையல், கொலுசு, செயின், இடுப்பு பெல்ட், பாக்கெட்டில் இருக்கும் பேனா எல்லாம் வெளியே வைக்க வேண்டும்.

யாருக்குக் கூடுதல் கவனம்?

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்வாக இருக்கும். வெளியே தெரியாது. மருத்துவர் சரி என்று சொல்லாமல் அவர்களுக்குக் குட்டிக்கரணம் கூடாது. வடிவம், சமநிலை, நடை, உருட்டுக்கட்டை உருளல் ஆகியவற்றால் அவர்களும் முழுத் தொடர் செய்யலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தைக்குக் கை, உடல் வடிவங்களும் நாற்காலியின் சுழற்சியுமே தொடர்தான்.

ஆஸ்துமா, வலிப்பு, சமீபத்தில் எலும்பு முறிவு அல்லது அறுவை சிகிச்சை இருந்தால் பெற்றோர் முன்பே எழுதித்தர வேண்டும். குண்டாக இருக்கும் குழந்தையை எல்லோர் முன்னும் செய்து காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது, அது வாழ்நாள் முழுக்க விளையாட்டை வெறுக்கப் போதுமானது.

பெண் குழந்தைகள் பாவாடை, ஸ்கர்ட் சீருடையில் இதைச் செய்யத் தயங்குவார்கள். அந்த பீரியட் நாளன்று டிராக்ஸ் அல்லது லெக்கிங்ஸ் அணிய அனுமதித்தால் பாதிப் பிரச்சினை தீரும். இன்னொன்று, தொட்டு உதவுவது. எங்கே, எதற்காகப் பிடிக்கப் போகிறோம் என்று குழந்தையிடம் சொல்லி, 'பிடிக்கட்டுமா?' என்று கேட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். தொடர் முறையின் ஒரு வசதி, இதில் தொட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

ஆண்டு விழா 'பிரமிடு' செய்யலாமா?

கூடாது. குழந்தைகள் மேல் குழந்தைகள் ஏறி நிற்கும் மனிதப் பிரமிடு குடியரசு தினத்திலும் ஆண்டு விழாவிலும் கைதட்டல் வாங்கும். ஆனால் கீழே இருப்பவரின் முதுகெலும்பும் மணிக்கட்டும் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவை. மேலே இருப்பவர் விழுந்தால் தடுக்க எதுவும் இல்லை. மகாராஷ்டிரத்தின் தஹி ஹண்டியில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. 14 வயதுக்குட்பட்டவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று 2017-ல் மாநில அரசு பாம்பே உயர் நீதிமன்றத்தில் உறுதியளித்தது. தொடக்கப்பள்ளியில் யாருக்கும் அந்த வயது ஆகியிருக்காது.

விழாவில் ஏதாவது காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், 5-ம் வகுப்பின் ஜோடித் தொடர் போதும். இருபது ஜோடிகள் ஒரே தாளத்தில், ஒவ்வொரு ஜோடியும் தாங்களே அமைத்த தொடரைச் செய்தால் பிரமிடைவிட அழகாகவே இருக்கும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

வித்தையின் கஷ்டத்துக்கு அல்ல. நான்கு கேள்விகள் போதும். தொடக்கமும் முடிவும் தெளிவாக இருந்ததா? நின்ற இடத்தில் மூன்று எண்ணும்வரை நின்றதா? அசைவுகள் ஒட்டிக்கொண்டனவா, நடுவில் யோசித்து நின்றதா? இரண்டாம் முறை செய்தபோது அதே தொடரா, வேறா? ஒவ்வொன்றுக்கும் 'வந்தது', 'வந்துகொண்டிருக்கிறது' என்று குறித்தால் போதும். ஒற்றைக்காலில் நின்று அழகாக முடித்த குழந்தைக்கு, தடுமாறிய கார்ட்வீலைவிடக் கூடுதல் பாராட்டு கிடைக்க வேண்டும்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

பள்ளியிலோ தனியார் வகுப்பிலோ ஜிம்னாஸ்டிக்ஸ் என்று சேர்க்கும் முன் ஐந்து கேள்விகள் கேளுங்க. சொல்லித்தருபவருக்கு என்ன பயிற்சி? எத்தனை குழந்தைகளுக்கு ஒருவர்? குட்டிக்கரணம் எந்தத் தரையில்? 'முடியாது' என்று குழந்தை சொன்னால் என்ன செய்வீர்கள்? அடிபட்டால் யாரை, எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போவீர்கள்? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில், சுவரில் எத்தனை கோப்பை இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. ஆறு வயதில் சேர்த்தால்தான் ஒலிம்பிக் என்ற அவசரமும் வேண்டாம். தீபா சிறு வயதிலேயே தொடங்கியவர்தான். ஆனால் ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றது 2024-ல், 30 வயதில். சர்வதேச சீனியர் போட்டிகளில் பெண்களுக்குக் குறைந்தபட்ச வயதே 16. தொடக்கப்பள்ளி வயதில் தேவைப்படுவது, உடலை நம்பும் பழக்கம்.

வீட்டில் பிள்ளை சோபாவிலிருந்து குதித்துக்கொண்டே இருந்தால், 'குதிக்காதே' என்பதற்குப் பதில் இப்படிச் சொல்லிப் பாருங்க: 'கீழே வந்து குதி. சத்தம் வராம இறங்கு. இறங்கினதும் மூணு எண்ற வரைக்கும் அசையாம நில்லு.'